பன்றியின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி: பிறவிக் குறையும் பரம்பரைக் குறையும்

தண்ணீர்மலையின் படிகளில் ஏறி நின்று கிழக்கே நோக்குவார்க்குப் பினாங்கு நகரமும், அதனை அடுத்துக் கடற்காலும், கடற்காலுக்கு அப்பால் செபராங் பிறைச் சமவெளியும் தோன்றும். அச்சமவெளியின் வடபால் கம்போங் செலாமட்டிலும், தென்பால் சுங்கை பாக்காப்பை அடுத்த வால்டோர் வட்டாரத்திலும், முஸ்லிம் அல்லாதாரின் உணவுக்கெனப் பன்றி வளர்க்கும் பண்ணைகள் நெடுநாளாக இருந்து வருகின்றன. பண்ணையில் வளர்ந்த பன்றி அறுப்புக்கூடத்துக்கு வந்து சேரும்போது, அதன் உள்ளுறுப்புகளை இறைச்சிச் சோதனையாளர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். ஈரலும் நுரையீரலும் பார்த்து முடிந்தபின் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பை விலக்குவார். அப்போது அதன் வழவழப்பான மேற்பரப்பில், மெல்லிய சவ்வால் மூடப்பெற்றுத் தெளிந்த நீர் நிரம்பிய குமிழொன்று சிற்சில வேளைகளில் தென்படும். ஒன்றாகவும் இருக்கும், பலவாகவும் இருக்கும். கடுகளவு முதல் எலுமிச்சங்காய் அளவு வரை அதன் பருமன் வேறுபடும்.

இந்நீர்க்கட்டி பினாங்குக்கோ மலேசியாவுக்கோ உரியதொரு நோயன்று. பன்றி வளர்க்கும் நாடுகள் அனைத்திலும் அறுப்புக்கூடத்தார் நன்கறிந்த ஒன்று. எனினும் அதனைக் கண்டவுடன் மூன்று கேள்விகள் எழுகின்றன. இவ்விறைச்சியை உண்ணலாமா என்பது வாங்குவோர் கேள்வி. இது மற்றப் பன்றிகளுக்கும் பரவுமா என்பது வளர்ப்போர் கேள்வி. இஃது எங்கிருந்து வந்தது என்பது அறிவியலார் கேள்வி. மூன்றாம் கேள்விக்கு விடை தெளிந்தால் முன்னிரண்டும் தாமே தெளியும். விடை தெளியாதபோதோ, குற்றமற்றதைக் குற்றம் என்று எறிவதும், குற்றமுள்ளதைக் குற்றமற்றது என்று கொள்வதும் நேரும்.

மூன்று சொற்கள்

தமிழில் பன்றிக்குப் பெயர் பல. கேழல், ஏனம், எறுழி எனப் பழைய நூல்களில் வழங்கும். அதன் குட்டியை நாய், புலி, முயல் ஆகியவற்றின் குட்டியோடு சேர்த்துக் 'குருளை' என்று கூறும் தொல்காப்பிய மரபியல். பெண்பன்றியைப் 'பிணவு' என்னும். ஒவ்வொரு விலங்குக்கும் அதன் நிலைக்கேற்பத் தனிப்பெயர் வகுத்த மொழி தமிழ். சிறுநீரகத்துக்கும் 'குண்டிக்காய்' என்னும் பழம்பெயர் உண்டு. சித்த மருத்துவ வழக்கிலும் இறைச்சிக் கடை வழக்கிலும் அஃது இன்றும் உளது.

நோயைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூன்று சொற்களைத் தெளிவின்றி மாற்றி வழங்குவது பொதுமக்களிடையே இயல்பாகிவிட்டது. அவை பிறவி, பரம்பரை, தொற்று என்பன. பிறக்கும்போதே உடன் இருப்பது பிறவிக் குறை. பெற்றோரின் மரபணு வழியே பிள்ளைக்கு வருவது பரம்பரைக் குறை. வெளியிலிருந்து கிருமியோ புழுவோ புகுந்து உண்டாக்குவது தொற்று. பிறவிக் குறை யாவும் பரம்பரையன்று. பரம்பரைக் குறை யாவும் பிறக்கும்போதே வெளிப்படுவதுமன்று. தாயின் வயிற்றிலிருக்கும்போதே தொற்றுப் பெற்றுக் குறையோடு பிறப்பனவும் உண்டு. பன்றியின் சிறுநீரக நீர்க்கட்டியை விளங்கிக்கொள்வதற்கு இவ்வேறுபாடு முதற்படி.

சிறுநீரகத்தின் அமைப்பு

மாட்டின் சிறுநீரகம் பல கதுப்புகள் ஒட்டியதுபோல மேடுபள்ளமாக இருக்கும். ஆட்டின் சிறுநீரகம் வெளியே வழவழப்பாக இருப்பினும், உள்ளே சிறுநீர் வடியும் முகடு ஒன்றே. பன்றியின் சிறுநீரகம் வெளியே அவரை விதைபோல் வழவழப்பும் தட்டை வடிவும் கொண்டது. உள்ளேயோ கூம்பு வடிவான பகுதிகள் பல உள்ளன. மனிதரின் சிறுநீரகமும் இவ்வமைப்புடையதே. வீட்டு விலங்குகளுள் இவ்வகையில் மனிதரை நெருங்கி நிற்பது பன்றி. பின்னர்க் கூறப்படுவனவற்றுக்கு இவ்வொற்றுமை அடிப்படையாகும்.

சிறுநீரகத்தின் உள்ளே இரத்தத்தை வடிகட்டும் நுண்குழல்கள் நிறைந்துள்ளன. மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் இவை ஏறத்தாழப் பத்து இலட்சம். ஒவ்வொரு நுண்குழலின் தலைப்பிலும் மயிரினும் மெல்லிய இரத்த நாளங்களாலான முடிச்சொன்று உண்டு. இரத்தத்திலிருந்து அங்கே வடியும் நீர், குழலின் வழியே வளைந்து வளைந்து ஓடும். உடலுக்கு வேண்டிய உப்பும் சர்க்கரையும் பெரும்பகுதி நீரும் குழலின் சுவரால் மீட்டுக்கொள்ளப்படும். எஞ்சியது சிறுநீராகச் சேகரக் குழல்களை அடைந்து வெளியேறும். இக்குழல்களுள் ஏதேனும் ஒன்று ஓரிடத்தில் பலூன்போல் உப்பி நீர் தேங்கினால் அதுவே நீர்க்கட்டி.

கட்டி தோன்றும் விதம்

கருவில் சிறுநீரகம் ஒரே முறையில் உருவாவதில்லை. முன் சிறுநீரகம், இடைச் சிறுநீரகம், கடைச் சிறுநீரகம் என மூன்று உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. முதலிரண்டும் பெரும்பாலும் மறைந்துபோக, மூன்றாவதே நிலைத்த சிறுநீரகமாகிறது. பன்றிக் கருவில் இடைச் சிறுநீரகம் மிகப் பெரிது. கருவியல் கற்பிக்கும் கல்லூரிகளில் மாணவர்க்குப் பன்றிக் கருவைக் காட்டுவதற்கு அஃதும் ஒரு காரணம்.

கடைச் சிறுநீரகம் இரு பகுதிகள் கூடி அமைவது. கீழிருந்து மொட்டுப்போல் எழும் குழலொன்று கிளைகிளையாகப் பிரிந்து சேகரக் குழல்களாகும். அதனைச் சூழ்ந்த திசுவிலிருந்து வடிகட்டும் நுண்குழல்கள் தோன்றும். இவையிரண்டும் முனையோடு முனை பொருந்தினால்தான் நீர் ஓடும். பொருந்தாமற்போன குழல்களில் நீர் அடைபட்டுக் கட்டியாகிறது என்பது பழைய அறிஞர் கொள்கை. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தமையால் அது பல காலம் பாடநூல்களில் நிலைபெற்றிருந்தது.

அக்கொள்கையை அசைத்தது நுண்கத்தியாலும் ஊசியாலும் குழல்களைத் தனித்தனியே பிரித்தெடுத்துப் பார்க்கும் பொறுமைமிக்க ஆய்வு. 1964-இல் ஓசதனோந்த், பாட்டர் என்னும் இருவர், கட்டிகள் நிறைந்த மனிதச் சிறுநீரகங்களை இவ்வாறு பிரித்து ஆராய்ந்தனர். கட்டிகள் தனித்து அடைபட்ட பைகளாக இராமல், பொருந்தி அமைந்த குழல்களிலேயே ஏற்பட்ட வீக்கங்களாக இருப்பதை அத்தகைய ஆய்வுகள் காட்டின. எனவே குழலின் சுவரிலுள்ள உயிரணுக்களின் போக்கிலேயே பிழை இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. உயிரணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகிச் சுவர் விரிகிறது. விரிந்த இடத்தில் நீர் சுரந்து நிரம்புகிறது.

பிறவி வேறு, பரம்பரை வேறு

பிறவிக் குறையெல்லாம் பெற்றோரின் இரத்தத்தில் வந்தது என்னும் நம்பிக்கையைத் தகர்த்த புகழ்பெற்ற சோதனை பன்றிகளிடத்தேதான் நடந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரெட் ஹேல் என்பார், கருவுற்ற பெண்பன்றி ஒன்றுக்கு வைட்டமின் ஏ இல்லாத தீனி அளித்தார். அஃது ஈன்ற பதினொரு குட்டிகளும் கண்விழியின்றிப் பிறந்தன. இதனை அவர் 1933-இல் வெளியிட்டார். தொடர்ந்து நடத்திய சோதனைகளில் பிளந்த உதடு, பிளந்த அண்ணம், இடம் மாறி அமைந்த சிறுநீரகம் ஆகிய குறைகளும் குட்டிகளில் காணப்பட்டன.

இவை பரம்பரைக் குறைகளாயின், அதே பெற்றோரின் அடுத்த ஈற்றிலும் தோன்றியிருத்தல் வேண்டும். தாய்க்கு வைட்டமின் நிறைந்த தீனி கொடுத்து மீண்டும் சினைப்படுத்தியபோது நல்ல குட்டிகளே பிறந்தன. குறை மரபில் இல்லை. தீவனத் தொட்டியில் இருந்தது. பிறவி என்ற ஒரே சொல்லைக்கொண்டு அப்பன்றிகளைக் குலம் கெட்டவை என்று கழித்திருந்தால், உண்மையும் மறைந்திருக்கும். பண்ணையாளருக்கு நட்டமும் நேர்ந்திருக்கும். கருவுற்ற தாயின் ஊட்டம் குட்டியின் உறுப்பமைப்பைத் தீர்மானிக்கும் என்பதற்கு இச்சோதனை முன்னோடியாயிற்று. மனிதரின் பிறவிக் குறைகளை ஆராய்ந்தோரும் இதனை எடுத்துக்காட்டாகக் கொண்டனர்.

பிரிட்டனில் நடந்த இனக்கலப்பு ஆய்வு

அவ்வாறாயின் சிறுநீரக நீர்க்கட்டி எவ்வகையைச் சேர்ந்தது? இதற்கு விடை தேடிய முக்கியமான ஆய்வு பிரிட்டனில் நடந்தது. ஒரே மந்தையிலிருந்து அறுப்புக்கு வந்த பன்றிகளில் நீர்க்கட்டி அடிக்கடி காணப்படவே, வெல்ஸ் என்னும் நோய்க்குறியியலாரும் அவருடன் பணியாற்றியோரும் அச்சிறுநீரகங்களைத் திரட்டி ஆராய்ந்தனர். விஜெரத்ன என்பாரும் வெல்சும் சேர்ந்து கட்டியுடைய பன்றிகளை இனக்கலப்புச் செய்து அவற்றின் வழித்தோன்றல்களையும் சோதித்தனர். இவ்விரு ஆய்வுகளும் 1980-இல் வெளியாயின. இவ்வெல்ஸ் என்பாரே பிற்காலத்தில், 1987-இல், மாடுகளின் மூளையைக் கடற்பஞ்சுபோல் துளைக்கும் புதிய நோயை முதன்முதலாக விவரித்த குழுவின் தலைமை ஆசிரியராகவும் விளங்கினார்.

இனக்கலப்பு ஆய்வின் முடிபு இது: நீர்க்கட்டி உண்டாகும் இயல்பு ஓங்கு பண்பாக மரபுவழி வருகிறது, ஒரு பன்றியில் எத்தனை கட்டிகள் தோன்றும் என்பதோ பல மரபணுக்களின் கூட்டுச் செயலைப் பொறுத்தது.

ஓங்கு பண்பு என்பதைச் சிறிது விரித்துரைத்தல் தகும். ஒவ்வொரு குட்டியும் ஒரு பண்புக்குரிய மரபணுவைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பெறுகிறது. ஒடுங்கு பண்பாயின் இரண்டும் பழுதானால்தான் குறை வெளிப்படும். ஓங்கு பண்பாயின் ஒன்று பழுதானாலே போதும். ஒரு பழுதான மரபணுவை உடைய ஆண்பன்றியைக் குறையற்ற பெண்பன்றியோடு சேர்த்தால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் அப்பழுது வருவதற்கும் வராமலிருப்பதற்கும் சமவாய்ப்பு உண்டு. நாணயத்தைச் சுண்டுவது போன்றது இது. பத்துக் குட்டிகள் உள்ள ஈற்றில் ஐந்து என்பது சராசரி. ஓர் ஈற்றில் மூன்றும் மற்றோர் ஈற்றில் ஏழும் ஆகலாம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். நன்கு பேணப்பட்ட தாய்ப்பன்றி ஆண்டுக்கு இரு முறை ஈனும். ஓர் ஆண்பன்றி இருபது தாய்ப்பன்றிகளுக்குத் துணையாக இருந்து, ஈற்றுக்குப் பத்துக் குட்டிகள் பிறப்பதாகக் கொண்டால், ஓராண்டில் அதன் வழிவந்த குட்டிகள் 400. அவற்றுள் ஏறத்தாழ 200 குட்டிகளிடம் அப்பழுது சென்றிருக்கும். செயற்கை முறைக் கருவூட்டலில் ஓர் ஆண்பன்றியின் விந்து மேலும் பல பண்ணைகளுக்குப் பகிரப்படுமாதலால் இத்தொகை இன்னும் பெருகும். ஒரு பண்ணையில் திடீரென நீர்க்கட்டி மிகுந்தால் அதனைத் தொற்று என்று அஞ்சுவது இயல்பு. உண்மையில் புதிதாக வந்தது கிருமியாக இராமல், புதிதாக வாங்கிய ஆண்பன்றியாக இருத்தல் கூடும்.

ஐயுறத்தக்க பிற கட்டிகள்

சிறுநீரகத்தில் நீருள்ள பை காணப்பட்டால் அது பரம்பரைக் கட்டிதான் என்று உடனே முடிவு கட்டலாகாது. தோற்றத்தால் மயக்கம் தருவன வேறு சில உள்ளன.

முதலாவது, சிறுநீரகப் புழு. வெப்ப நாடுகளுக்கு உரியது இது. மண்ணிலிருந்தோ, மண்புழுவை உண்பதாலோ பன்றியின் உடலில் புகும் இளம்புழு முதலில் ஈரலை அடைந்து அதனைத் துளைத்துத் தழும்பாக்கும். பின்னர்ச் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பிலும் சிறுநீர்க்குழலின் சுவரிலும் தங்கி, சீழ் நிறைந்த பை அமைத்துக்கொள்ளும். அப்பையை அறுத்தால் தெளிந்த நீருக்கு மாறாகத் தடித்த புழுக்கள் வெளிப்படும். இதன் முட்டை சிறுநீரோடு வெளியேறி மண்ணில் விழும். இப்புழு முதிர்ந்து முட்டையிட ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஆதலின் தலையீற்றுப் பன்றிகளையே கொண்டு இனம் பெருக்கி, முதல் ஈற்று முடிந்ததும் அவற்றை அறுப்புக்கு அனுப்பிப் புழுவை ஒழிக்கும் முறையொன்று வகுக்கப்பட்டது. முட்டையிடும் பருவத்தைப் புழு எய்தும் முன்னர் அது வாழும் உடலை நீக்கிவிடுவதே இம்முறையின் கருத்து.

இரண்டாவது, நாயின் நாடாப்புழுவால் உண்டாகும் நீர்ப்பை. பெரும்பாலும் ஈரலிலும் நுரையீரலிலும் தோன்றும் இது சிறுநீரகத்திலும் அமைவதுண்டு. இதன் சுவர் தடித்து, வெண்மையாய், அடுக்கடுக்காக இருக்கும். உள்ளிருக்கும் நீரில் மணல்போன்ற நுண்துகள்கள் மிதக்கும். இதனை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். அந்நாயின் மலத்திலுள்ள முட்டை மனிதர் வயிற்றை அடைந்தால் மனித உடலிலும் நீர்ப்பை தோன்றும். கழித்த உறுப்பை அறுப்புக்கூடத்து நாய்களுக்கு வீசுவது எத்துணைக் கேடு பயக்கும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவப் பை. அரிசிமணி போன்ற இஃது இறைச்சித் தசையிலும் நாவிலும் இதயத்திலும் பெரும்பாலும் காணப்படும். இதனை நன்கு வேகாமல் உண்போர்க்குக் குடலில் நாடாப்புழு உண்டாகும். நான்காவது, கல்லாலோ அடைப்பாலோ சிறுநீர் வெளியேற வழியின்றிச் சிறுநீரகம் முழுவதுமே பைபோல் வீங்குவது. இதில் கட்டி எனத் தனியே ஒன்றும் இராது. உறுப்பின் நடுக்குழியே விரிந்திருக்கும்.

பரம்பரை நீர்க்கட்டியோ இவற்றினின்றும் வேறு. சுவர் மெல்லியது, நீர் தெளிந்தது, புழு இல்லை, மணல் இல்லை, ஈரலில் தழும்பு இல்லை. அதனை உண்பவர்க்கு அது தொற்றாது; பக்கத்துப் பன்றிக்கும் பரவாது. கட்டியுள்ள சிறுநீரகத்தை நீக்கிவிட்டு எஞ்சிய உடலை உணவுக்கு ஏற்பதே இறைச்சிச் சோதனையில் பொது வழக்கம். இரு சிறுநீரகங்களும் பெரிதும் அழிந்து, இறைச்சியில் சிறுநீர் நாற்றம் வீசும் அரிய நிலையில் மட்டுமே முழுவுடலும் கழிக்கப்படும்.

பெயர் பிழைத்தால் வரும் கேடு

நோயின் பெயரைப் பிழைபட அறிதல் எத்தகைய கேட்டுக்கு வழிவகுக்கும் என்பதற்கு மலேசிய வரலாற்றிலேயே சான்று உண்டு. 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்துக் கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் பணியாற்றியோரிடையே மூளைக் காய்ச்சல் தோன்றியது. அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் கொள்ளப்பட்டது. கொசு மருந்து அடித்தனர், தடுப்பூசி போட்டனர். தடுப்பூசி போட்டுக்கொண்டோரும் நோயுற்றனர். சிறுவரைக் காட்டிலும், பன்றிகளைக் கையாண்ட பெரியோரே பெரிதும் தாக்குண்டனர். இடையில் நோயுற்ற பன்றிகள் தெற்கே கொண்டு செல்லப்பட, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் பெருந்துன்பத்துக்கு ஆளாயிற்று.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் என்னும் அறிஞர் நோயாளரிடமிருந்து அதுவரை அறியப்படாத வைரசைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரால் அது நிப்பா வைரஸ் எனப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதர்க்கும் அது வந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். ஏறத்தாழப் பதினொரு இலட்சம் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. உண்மைப் பெயர் முன்னரே தெரிந்திருப்பின் பன்றிகளின் போக்குவரத்து அப்போதே தடுக்கப்பட்டிருக்கும்.

நிப்பா வைரசும் நீர்க்கட்டியும் இயல்பால் நேரெதிரானவை. ஒன்று கொடிய தொற்று. மற்றொன்று பரவாத மரபுக்குறை. ஆயினும் இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. கண்ணுக்குத் தோன்றும் அடையாளத்தோடு நில்லாமல், அதன் மூலத்தை அறிந்தபின்னரே செயலில் இறங்குதல் வேண்டும்.

காலம் என்னும் வேறுபாடு

பரம்பரை நீர்க்கட்டியால் பன்றி துன்புறுகிறதா? பெரும்பாலும் இல்லை. உண்ணும், வளரும், எடை கூடும். அறுப்புக்கூடத்தில்தான் கட்டி இருந்தது தெரியவருகிறது. சிறுநீரகத்தின் பெரும்பகுதி நலமாக இருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், இறைச்சிக்கென வளர்க்கப்படும் பன்றியின் வாழ்நாள் ஏறத்தாழ ஆறு மாதமே என்பது. குறை முதிர்வதற்குக் காலம் போதவில்லை.

மனிதரிடம் இத்தகையதொரு குறை அமையும்போது நிலை வேறாகிறது. 1586-இல் மறைந்த போலந்து மன்னர் ஸ்டீபன் பாத்தரியின் உடலைத் திறந்து பார்த்த மருத்துவர், அவருடைய சிறுநீரகங்கள் காளையின் சிறுநீரகம்போல் பெருத்து மேடுபள்ளமாக இருந்தன என்று குறித்தார். பல நீர்க்கட்டிச் சிறுநீரக நோய்க்கு வரலாற்றில் காட்டப்படும் பழைய சான்று இது. 1957-இல் டென்மார்க்கைச் சேர்ந்த டால்கார்ட் என்பார் 284 நோயாளர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, இந்நோய் ஓங்கு பண்பாக மரபுவழி வருவதை நிறுவினார். 400 முதல் 1000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது மனிதரிடம் காணப்படுகிறது.

இதற்குக் காரணமான முதல் மரபணு 16-ஆம் குரோமோசோமில் இருப்பது 1994-இல் கண்டறியப்பட்டது. இரண்டாவது மரபணு 4-ஆம் குரோமோசோமில் இருப்பது 1996-இல் தெரியவந்தது. நுண்குழலின் உயிரணு ஒவ்வொன்றிலும் நுண்மயிர் ஒன்று நீரோட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இம்மரபணுக்கள் ஆக்கும் புரதங்கள் அம்மயிரில் உறைவது 2000-ஆம் ஆண்டையொட்டித் தெளிவாயிற்று.

பழுதான மரபணு உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்க, சில குழல்களில் மட்டும் கட்டி தோன்றுவது ஏன்? நோயாளியிடம் ஒவ்வோர் உயிரணுவிலும் பழுதான மரபணு ஒன்றும் நல்ல மரபணு ஒன்றும் உள்ளன. வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்நல்ல மரபணுவும் பழுதுபடுமாயின், அங்கே கட்டி முளைக்கிறது. 1996-இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று தந்தது. ஆண்டுகள் கூடக்கூடக் கட்டிகளும் கூடும். இளமையில் ஒன்றும் அறியாதிருந்தவர் நாற்பதில் இரத்த அழுத்தத்தோடு மருத்துவரை நாடுகிறார். நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அறுபது வயதளவில் சிறுநீரகம் செயலிழக்கும் நிலையை அடைகின்றனர். கட்டியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டோல்வாப்டன் என்னும் மருந்து 2014-இல் ஜப்பானிலும் 2018-இல் அமெரிக்காவிலும் இந்நோய்க்கென ஏற்கப்பட்டது. அது நோயை வேரறுக்கும் மருந்தன்று.

பன்றியின் எளிய நீர்க்கட்டியும் மனிதரின் இந்நோயும் ஒன்றே என்று கூறலாகாது. ஆயினும் ஒப்பிட்டு நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. மெல்ல வளரும் குறை கேடா அன்றா என்பதை அதன் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைத் தாங்கும் உயிர் எத்தனை காலம் வாழ்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. சிறுநீரகப் புழுவை ஒழிக்கும் தலையீற்று முறையிலும் இதே உண்மை அடங்கியுள்ளது.

பன்றியின் சிறுநீரகம் மனித உடலில்

இவ்வுண்மை இப்போது புதியதொரு முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மரபணுக்களில் 69 திருத்தங்கள் செய்யப்பட்ட பன்றியொன்றின் சிறுநீரகம், 62 வயதுடைய ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அது சிறுநீரைப் பிரித்து வேலை செய்தது. அவர் ஏறத்தாழ இரு மாதம் வாழ்ந்து மறைந்தார். மாற்றிய சிறுநீரகமே இறப்புக்குக் காரணம் என்பதற்கு அடையாளம் இல்லையென மருத்துவமனை அறிவித்தது. பன்றிச் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகத்தைப் பருமனாலும் அமைப்பாலும் ஒத்திருப்பதே இம்முயற்சிக்கு வழிகோலியது.

ஆறு மாதத்தில் அறுப்புக்குச் செல்லும் உடலில் குற்றமற்றதாகக் கொள்ளப்படும் நீர்க்கட்டி, ஆண்டுக்கணக்கில் மனித உடலில் இயங்க வேண்டிய சிறுநீரகத்தில் அவ்வாறு கொள்ளப்படுமா? கொள்ளப்படாது. உறுப்பு வழங்குவதற்கென வளர்க்கப்படும் பன்றியின் குலமும் சிறுநீரகமும் நுணுகிச் சோதிக்கப்படுதல் இன்றியமையாதது.

பண்ணையில் செய்யத்தக்கன

அறிவியல் கூறும் இவ்வுண்மைகளால் சிறு பண்ணையாளருக்கு விளையும் பயன் எளியது. அறுப்புக்கூடத்தில் நீர்க்கட்டி கண்டதாகச் செய்தி வந்தால், எந்தத் தாயின் எந்த ஈற்றுக் குட்டி, அதன் தந்தை எது என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தல் வேண்டும். பதிவேடு இல்லாத பண்ணையில் மரபுக்குறையைத் தேடிப் பிடித்தல் இயலாது. பல தாய்ப்பன்றிகளின் குட்டிகளில் கட்டி காணப்பட்டு அவற்றுக்கெல்லாம் தந்தை ஒன்றாக இருப்பின், அவ்வாண்பன்றியை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினால் போதும். மந்தையை அழிக்க வேண்டியதில்லை. மருந்துக்குச் செலவிட வேண்டியதில்லை. குட்டிகள் உடன்பிறப்புகளாகவோ ஒரு தந்தை வழியினவாகவோ இராமல், பலவகைக் குறைகளோடு பிறந்தால் தாயின் தீவனத்தை நோக்குதல் தகும். கட்டியில் புழு இருப்பின் தொழுவத்து மண்ணையும் ஈரத்தையும் நோக்குதல் தகும்.

தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்பு இன்று கற்றோரும் மேற்கொள்ளும் தொழிலாகியுள்ளது. செங்கற்பட்டை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இத்துறையில் பெயர்பெற்றது. அறுப்புக்கூடத்துப் பதிவும் பண்ணைப் பதிவும் ஒன்றோடொன்று இணையும் இடத்தில்தான் மரபுக்குறை வெளிப்படும். பினாங்கின் எதிர்க்கரைப் பண்ணைகளுக்கும் காட்டுப்பாக்கத்துப் பயிற்சி பெற்றுப் புதிதாகப் பண்ணை தொடங்குவோருக்கும் இது பொதுவிதி.

அவரை விதை வடிவான சிறுநீரகத்தின் மேல் முத்துப்போல் நிற்கும் ஒரு துளி நீர் தானாக எதையும் கூறுவதில்லை. மரபில் வந்ததா, தீவனத்தில் வந்ததா, மண்ணில் வந்ததா என்று அதன் வரவை வினவி, தங்கிய உடல் வாழும் காலத்தையும் எண்ணிப் பார்த்தபின் கூறும் தீர்ப்பே உண்பவர்க்கும் வளர்ப்பவர்க்கும் உதவும் தீர்ப்பாகும்.